மிதிவண்டி பிரேக்கின் வரலாறும் தேர்வும்



மிதிவண்டியின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் அது எங்ஙனம் ஓடக் கற்றது என்பதையே விரித்துரைக்கின்றன. காலால் தரையை உதைத்துச் சென்றவர்கள் மிதிக்கட்டையை மிதிக்கத் தொடங்கினார்கள், பிறகு சங்கிலி வந்தது, காற்றடைத்த டயர் வந்தது, பல்சக்கரங்கள் பெருகின. ஓடுகின்ற வண்டி எங்ஙனம் நிற்கக் கற்றது என்ற செய்திக்கு அந்நூல்களில் ஒரு பக்கமோ அரைப் பக்கமோதான் கிடைக்கும். அந்த அரைப் பக்கத்துச் செய்தியையே இன்று உங்களிடம் சற்று விரிவாகப் பேச எண்ணுகிறேன். சாலைப் பந்தய வண்டிகளில் சக்கரத்தின் ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் பிரேக் எவ்வாறு தோன்றி வளர்ந்தது, நடுத்தர விலையில் விற்கும் அவ்வகைப் பிரேக்கை ஒரு மாணவன் எவ்வாறு மதிப்பிட்டு வாங்க வேண்டும் என்பவையே என் பொருள்.

இப்பொருளில் எனக்கு ஆர்வம் உண்டானதற்குக் காரணம் ஒரு மாணவன் கேட்ட கேள்வி. 1990களின் நடுவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இயற்பியல் ஆசிரியனாக இருந்தேன். பதினோராம் வகுப்பில் படித்த ஒரு பையன், வளைந்த கைப்பிடி கொண்ட பந்தய வண்டியின் தோற்றமுடைய பழைய மிதிவண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தான். அவ்வாண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை, பள்ளியிலிருந்து இறக்கத்தில் வீடு திரும்பியபோது வண்டி நிற்காமல் சென்று வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவனைப் பார்க்கச் சென்றேன். “சார், இரண்டு பிரேக்கையும் முழுக்கப் பிடித்தேன். ஆனாலும் வண்டி நிற்கவில்லையே, ஏன்?” என்று அவன் கேட்டான். அதே வாரத்தில்தான் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எழுதிக் கணக்குகள் போட்டுக் காட்டியிருந்தேன். அவன் கேள்விக்கு என்னால் முழுமையான விடை கூற முடியவில்லை. பிறகு நூல்களைத் தேடிப் படித்தேன். சைக்கிள் கடைக்காரர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். அவ்விடையை இப்போது வரலாற்று வரிசையிலேயே கூறுகிறேன்.

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து ஓட்டிக் காட்டினார். அதில் மிதிக்கட்டை இல்லை. ஓட்டுபவரின் கால்கள் எப்போதும் தரைக்கு அருகில் இருந்தமையால், நிற்க வேண்டுமானால் காலை ஊன்றிக்கொள்ளலாம். 1860களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தார் செய்த வண்டியில் முன்சக்கரத்தோடு மிதிக்கட்டைகள் இணைந்தன. கால்கள் தரையைவிட்டு எழுந்துவிட்டன. அப்பொழுதே தனியாக ஒரு நிறுத்தும் கருவி இன்றியமையாததாயிற்று. மிஷோவின் வண்டியில் கைப்பிடியை முறுக்கினால் ஒரு கயிறு சுற்றிக்கொண்டு, பின்சக்கரத்தின் இரும்புப் பட்டைமீது கரண்டி போன்ற ஒரு தகட்டை அழுத்தும். இதனைக் கரண்டி பிரேக் என்று அழைத்தனர்.

அடுத்து இங்கிலாந்தில் முன்சக்கரம் ஆளுயரத்தை எட்டிய உயர்சக்கர வண்டிகள் வந்தன. அவற்றில் கரண்டி பிரேக் முன்சக்கரத்து டயரின்மீது அழுத்தியது. ஓட்டுபவர் ஏறக்குறைய முன்சக்கரத்தின் அச்சுக்கு நேர்மேலே அமர்ந்திருந்தமையால், பிரேக்கைச் சற்று வலுவாகப் பிடித்தால் வண்டியோடு அவரும் தலைகுப்புற விழுவார். ஆகவே பிரேக் இருந்தும் அதை அஞ்சி அஞ்சியே பயன்படுத்தினர். நிறுத்தும் வலிமை மட்டும் மிகுந்தால் போதாது, அதைத் தாங்கும் அமைப்பும் வண்டிக்கு வேண்டும் என்பது அன்றே தெளிவாயிற்று.

அந்த அமைப்பை 1885-இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் வண்டி தந்தது. ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவே இருக்கை, பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி என்ற அதன் வடிவமே இன்றளவும் நிலைத்திருக்கிறது. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். டயர் மென்மையானதும் கரண்டி பிரேக்குக்குச் சிக்கல் வந்தது. இரும்புத் தகடு ரப்பரைத் தேய்த்தது. டயர் விரைவில் வீணாயிற்று. எனவே டயரை விட்டுவிட்டு, அதைத் தாங்கும் ரிம்மைப் பிடிப்பதே தக்க வழி என்று பலரும் கண்டனர்.

ரிம்மை இருபுறமும் இடுக்கிப் பிடிக்கும் எண்ணம் அப்போது புதியதன்று. பிரவுட், ஹாரிசன் என்னும் இருவர் 1876-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அத்தகைய ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர். ஆயினும் கையின் விசையைக் கைப்பிடியிலிருந்து சக்கரத்துக்கு வளைவு நெளிவுகளூடே கொண்டு செல்ல எளிய வழி இல்லாதிருந்தது. 1896-இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் காப்புரிமை பெற்ற கம்பி அக்குறையைத் தீர்த்தது. முறுக்கிய எஃகுக் கம்பி ஒன்று, அமுங்காத சுருள் உறைக்குள் ஓடுகிறது. உறை அசையாமல் நிற்க, உள்ளே கம்பி மட்டும் இழுபடுகிறது. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் பிரேக் ஒயர் என்று கேட்டு வாங்குகிறோமே, அது இதுதான். இது கிடைத்த பின்னர்தான் காலிப்பர் பிரேக் நடைமுறைக்கு வர முடிந்தது.

இதற்கிடையே கம்பி வடத்தை நம்பாத வேறொரு வழியும் பிரிட்டனில் வளர்ந்தது. இறுகிய எஃகுத் தண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, குதிரைச் சேணத்து அங்கவடி போன்ற ஒரு வளையத்தை மேல்நோக்கி இழுத்து, ரிம்மின் உட்புறத்தில் கட்டைகளை அழுத்தும் முறை அது. நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்பு நிற வண்டிகளில் நாம் கண்ட பிரேக் இதுவே. முருகப்பா குழுமத்தாரும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 1949-இல் தொடங்கி, சென்னையை அடுத்த அம்பத்தூரில் நடத்திய தொழிற்சாலையிலிருந்து ஹெர்குலிஸ் வண்டிகள் இத்தகைய பிரேக்குடன் நம் சிற்றூர்களெங்கும் சென்றன. எளிதில் பழுதாகாமையும் எந்தக் கொல்லனும் செப்பனிடக்கூடிய எளிமையும் அதன் சிறப்புகள். எடை மிகுதியும் மழையில் பிடிப்புக் குறைவும் அதன் குறைகள். சமவெளியில் நிதானமாகச் செல்லும் பால்காரருக்கும் தபால்காரருக்கும் அது போதுமானதாக இருந்தது. மலையிறக்கத்தில் விரைவோருக்கு அது போதாது.

மலையிறக்கம் பெரும் பொருளானது ஐரோப்பியப் பந்தயங்களில்தான். 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910-இல் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களையும், 1911-இல் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாயையும் தன் வழியில் சேர்த்துக்கொண்டது. ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும்! இறங்கும்போது பிரேக் செய்யும் வேலையைச் சிறிது கணக்கிட்டுப் பாருங்கள். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இயக்க ஆற்றல் 4,000 ஜூல். வேகத்தைப் பாதியாக்கினால் அது 1,000 ஜூலாகக் குறையும். அதே வண்டி 300 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளிப்படும் நிலை ஆற்றலோ ஏறத்தாழ 2,35,000 ஜூல். காற்றின் எதிர்ப்பில் ஒரு பகுதி கழிந்தது போக, எஞ்சியதை நான்கு சிறிய ரப்பர்க் கட்டைகளும் இரண்டு ரிம்களும் வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். உங்கள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத கட்டைகள் செய்யும் வேலை அது.

இவ்விடத்தில் ரிம்மின் உலோகம் முக்கியமாகிறது. பழைய பந்தய வண்டிகளில் மரத்தாலான ரிம்கள் இருந்தன. 1930களில் அலுமினியக் கலவை ரிம்கள் பந்தயங்களில் புகுந்தன. அவை எடை குறைந்தவை. வெப்பத்தை விரைவில் கடத்திக் காற்றில் விடுபவை. ஈரத்திலும் ரப்பருக்குப் பிடிப்புத் தருபவை. விலை குறைந்த வண்டிகளிலோ குரோமியம் பூசிய எஃகு ரிம்களே நெடுங்காலம் தொடர்ந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்த டேவிட் கார்டன் வில்சன், பிராங்க் ரோலண்ட் விட் என்பவருடன் இணைந்து 1974-இல் மிதிவண்டி அறிவியல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். நனைந்த எஃகு ரிம்மில் வழக்கமான ரப்பர்க் கட்டையின் பிடிப்பு, உலர்ந்தபோது இருந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று சோதனைகள் காட்டியதை அந்நூல் எடுத்துரைத்தது.

இதைப் படித்தபோது என் மாணவனின் கேள்விக்கு முதல் விடை கிடைத்தது. அவன் வண்டியில் இருந்தவை பளபளக்கும் எஃகு ரிம்கள். அவன் முழு வலிமையோடு பிடித்தும் பத்தில் ஒரு பங்கு பயனே கிட்டியிருக்கும். உலகின் மிகச் சிறந்த காலிப்பரை மாட்டியிருந்தாலும் அந்த ரிம்மில் அது பெரிதும் தோற்றிருக்கும். ஆகவே பிரேக்கை மதிப்பிடத் தொடங்குவோர் முதலில் காலிப்பரைப் பாராமல் ரிம்மைப் பார்க்க வேண்டும்.

இனிக் காலிப்பரின் அமைப்புக்கு வருவோம். மிகப் பழைய வகை, ஒரே அச்சில் சுழலும் இரண்டு கைகளைக் கொண்டது. ஒயர் ஒரு பக்கத்தில் வந்து, ஒரு கையை மேலும் மற்றொரு கையைக் கீழுமாக நெருக்கும். இதைப் பக்க இழுப்பு பிரேக் எனலாம். மலிவாகச் செய்யப்பட்டபோது அதில் இரண்டு குறைகள் தோன்றின. கைகள் மெல்லியனவாதலால் அழுத்தும்போது வளைந்தன. கையின் விசையில் ஒரு பகுதி அந்த வளைவிலேயே செலவாயிற்று. மேலும், விட்டவுடன் இரு கட்டைகளும் ஒரே அளவாக விலகுவதில்லை. ஒன்று ரிம்மை உரசிக்கொண்டே நிற்கும். கடைக்காரர் சுத்தியால் தட்டி நேராக்குவார். நான்கு நாளில் மீண்டும் உரசும்.

இக்குறையைப் போக்க, நடு இழுப்பு பிரேக்குகள் பரவின. 1950களில் பிரான்சின் மாபாக் நிறுவனம் செய்தவை இவற்றுள் பெயர் பெற்றவை. சுவிட்சர்லாந்தின் வைன்மான், இத்தாலியின் யூனிவர்சல் ஆகியோரும் இத்தகையவற்றைச் செய்தனர். இதில் இரு கைகளும் தத்தம் பக்கத்தில் தனித்தனி அச்சில் சுழலும். ஒரு குறுக்குக் கம்பி இரண்டையும் இணைக்க, நடுவிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் இரண்டும் ஒத்த அளவில் நெருங்கும். உரசும் தொல்லை குறைந்தது. விலையும் மிகுதியன்று. எனவே நடுத்தர வண்டிகள் பலவற்றில் இது நெடுங்காலம் இடம்பெற்றது.

பிறகு காற்று மறுபக்கம் வீசியது. இத்தாலியின் விசென்சா நகரில் 1933-இல் தூலியோ காம்பக்னோலோ தொடங்கிய நிறுவனம், 1968-இல் புதிய பக்க இழுப்பு பிரேக்கை அறிமுகம் செய்தது. கொள்கையில் அது பழையதே. ஆனால் கைகள் தடித்தவையாக, உறுதியாக இருந்தன. அச்சு துல்லியமாகக் கடையப்பட்டிருந்தது. சக்கரத்தைக் கழற்றுவதற்காகக் கட்டைகளை விரைவில் விலக்க ஒரு சிறு நெம்பும் இருந்தது. முன்பு பழிக்கப்பட்ட அதே வகை இப்போது பந்தய வீரர்களின் முதல் விருப்பமாயிற்று. பக்க இழுப்பு என்ற வகைமீது குற்றமில்லை, அதைச் செய்த முறையிலேயே குற்றம் இருந்தது என்பது இதனால் விளங்கியது. கடைக்குச் செல்லும் மாணவன் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வகையின் பெயரைக் கேட்டு மயங்காமல், கைகளின் உறுதியையும் அச்சின் துல்லியத்தையும் சோதிக்க வேண்டும்.

ஆனால் அந்தத் துல்லியத்தின் விலை சாதாரண மக்களுக்கு எட்டவில்லை. விலை உயர்ந்தால் பிடிப்பும் உயரும் என்ற நம்பிக்கையும் இக்காலத்தில் வேரூன்றியது. அதே நிறுவனம் 1985-இல் டெல்டா என்னும் பெயரில் ஒரு பிரேக்கை வெளியிட்டது. முக்கோண வடிவ உறைக்குள் இணைகரம் போல விரிந்து சுருங்கும் இணைப்புகள் கொண்ட அது, காண்பதற்கு நகை போன்றது. விலையும் அதற்கேற்ப மிகுந்தது. ஆயின் அது எடை கூடியது, சரிசெய்யக் கடினமானது, பிடியை இழுக்க இழுக்க அதன் விசைப் பெருக்கமும் மாறிக்கொண்டே சென்றது. சில ஆண்டுகளில் அது வழக்கொழிந்தது. இன்று அதைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்கி வைக்கின்றனர். மலையிறக்கத்துக்கு அதைத் தேடுவோர் அரியர்.

நடுத்தர விலையின் பொற்காலத்தைத் தந்தது ஜப்பான். சகாய் நகரில் 1921-இல் ஷோசபுரோ ஷிமானோ தொடங்கிய பட்டறை, 1990களின் தொடக்கத்தில் இரட்டை அச்சுக் காலிப்பரைப் பெருமளவில் செய்யலாயிற்று. இந்த எண்ணமும் புதியதன்று. ஜெர்மனியின் ஆல்ட்டன்பர்கர் நிறுவனம் 1960களிலேயே இவ்வகையை விற்றிருந்தது. அப்போது அது நிலைக்கவில்லை. ஷிமானோ அதைத் துல்லியத்தோடும், அக்காலத்தில் திருந்திவந்த ஒயர், உறை, பிடி ஆகியவற்றோடும் சேர்த்து அளித்தது.

இரட்டை அச்சில் ஒரு கை நடுவிலும் மற்றொரு கை பக்கத்திலும் சுழல்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தொட்டு இயங்குவதால் ஒத்த அளவில் நகர்கின்றன. பழைய ஒற்றை அச்சுக் காலிப்பரில் விசைப் பெருக்கம் ஏறத்தாழ 1 என்றால், இதில் ஏறத்தாழ 1.4. விரல்களால் இழுக்கும் அதே இழுப்புக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான அழுத்தம் ரிம்மில் கிடைக்கிறது. சிறிய கை உடையவர்களுக்கும் நெடுநேரம் இறங்குபவர்களுக்கும் இது பெரும் உதவி. ஆயினும் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை என்று நெம்புகோல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். விசை மிகுந்தால் நகரும் தொலைவு குறையும். எனவே கட்டைகள் ரிம்முக்கு மிக அருகிலேயே நிற்க வேண்டும். சக்கரத்தில் சிறிது கோட்டம் இருந்தாலும் உரசும். இரட்டை அச்சுப் பிரேக் வைத்திருப்பவர் அவ்வப்போது கடையில் கோட்டம் எடுத்துக்கொள்வது கட்டாயம்.

இந்த அமைப்பு உயர்விலை வண்டிகளோடு நின்றுவிடவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஷிமானோவின் 105 போன்ற நடுத்தர வரிசைகளிலும், பின்னர் டியாக்ரா, சோரா போன்ற அதற்குக் கீழ்ப்பட்ட வரிசைகளிலும் இறங்கியது. தைவானின் டெக்ட்ரோ நிறுவனமும் இத்தகையவற்றைக் குறைந்த விலையில் செய்தது. அமெரிக்காவின் ஸ்ராம், காம்பக்னோலோ ஆகியோரும் தம் நடுத்தர வரிசைகளில் இரட்டை அச்சையே கொண்டனர். 1968-இல் பந்தய வீரர் மட்டும் பெற்ற உறுதியையும் துல்லியத்தையும், அதைவிட மிகுந்த விசையையும், ஒரு கல்லூரி மாணவன் பெற முடிந்தது.

அவ்வாறாயின் உயர்விலைக்கும் நடுத்தர விலைக்கும் இன்று உள்ள வேறுபாடு யாது? பெரும்பாலும் எடையும் மெருகும்தான். ஒரு சோடிக்கு எடையில் சில பத்துக் கிராம்கள் குறையலாம். அச்சில் குண்டுத் தாங்கி இருக்கலாம். பூச்சு அழகாக இருக்கலாம். நிற்கும் தொலைவில் சாதாரணமாக ஓட்டுபவர் உணரக்கூடிய வேறுபாடு மிகச் சிறிது. நடுத்தரத்துக்கும் மிக மலிவானதற்கும் உள்ள இடைவெளியோ பெரிது. மலிவானவற்றில் கைகள் வளைகின்றன; அச்சு தளர்கிறது; கட்டைகள் கடினமான ரப்பரால் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டுள்ளன. ஆகவே மலிவிலிருந்து நடுத்தரத்துக்கு உயர்வதில் செலவிடும் பணம் பாதுகாப்புக்குச் செல்கிறது. நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்கு உயர்வதில் செலவிடும் பணம் பெரும்பாலும் எடைக்குச் செல்கிறது. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று வரும் ஒருவருக்கு இவ்விரண்டில் எது வேண்டும் என்று நான் கூறத் தேவையில்லை.

நடுத்தர விலைக் காலிப்பர் ஒன்றைக் கையில் எடுத்தால் எவற்றைப் பார்க்க வேண்டும்? முதலாவது அளவு. காலிப்பரைப் பூட்டும் துளையிலிருந்து ரிம்மின் பிடிக்கும் பரப்பு வரை உள்ள தொலைவை அளந்துகொள்ளுங்கள். பந்தய வண்டிகளுக்கான பல காலிப்பர்கள் 39 முதல் 49 மில்லிமீட்டர் வரை எட்டும். தடித்த டயருக்கும் மண்காப்புத் தகட்டுக்கும் இடம் உள்ள வண்டிகளுக்கானவை 47 முதல் 57 மில்லிமீட்டர் வரை எட்டும். அளவு தவறினால் கட்டை டயரையோ ஸ்போக்குகளையோ தொடும். டயரைத் தொட்டால் அது கிழியும். கை நீள நீள வளைவும் மிகும் என்பதால், தேவைக்கு மேல் நீண்டதை வாங்குவதும் தவறு.

இரண்டாவது பொருத்தம். கைப்பிடியில் உள்ள பிரேக் பிடி எவ்வளவு ஒயரை இழுக்கிறதோ அதற்கேற்ற காலிப்பர் வேண்டும். வெவ்வேறு காலத்தில் வெளிவந்த வரிசைகளில் இவ்வளவு மாறியுள்ளது. பொருந்தாதவற்றைச் சேர்த்தால் பிடி கட்டையாக இறுகி நிற்கும்; அல்லது பஞ்சு போல அமிழ்ந்து கைப்பிடியைத் தொட்டுவிடும்.

மூன்றாவது உறுதி. வண்டியில் மாட்டிய பிறகு பிடியை வலுவாக அழுத்திக்கொண்டு, ஒரு நண்பரைக் காலிப்பரின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டை ரிம்மைத் தொட்ட பின்னரும் கைகள் வெகுவாக வளைந்தால் அதை நம்ப வேண்டாம். நான்காவது கட்டை. உலோகக் கூட்டில் செருகி, தேய்ந்ததும் ரப்பரை மட்டும் மாற்றக்கூடிய கட்டைகள் சிறந்தவை. காலிப்பரில் மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல கட்டைகளும் புதிய ஒயரும் உறையும் வாங்கினால், விலையுயர்ந்த காலிப்பர் பழைய கட்டையோடு தருவதைவிட மேலான பயன் கிட்டும்.

பிரேக்கைப் பிடிக்கும் முறையும் இத்தோடு சேர்ந்ததே. வேகம் குறையும்போது உடலின் பாரம் முன்சக்கரத்துக்குச் செல்கிறது. பின்சக்கரம் இலேசாகி வழுக்குகிறது. ஆகவே உலர்ந்த நேர்ச்சாலையில் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன்பிரேக்கே. நன்கு பயின்றவர் இருக்கையில் பின்தள்ளி அமர்ந்து முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்தினால், முன்சொன்ன 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 10 மீட்டரில் நிற்கலாம். பின்பிரேக்கை மட்டும் பிடித்தால் அதுபோல் இருமடங்கு தொலைவு வேண்டும். அதற்கு மேல் முன்பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால், உயர்சக்கர வண்டிக்காரர் அடைந்த கதியே நமக்கும் வரும். இதனால்தான் எது மிக வலிய பிரேக் என்று கேட்பதைவிட, விரல் கூட்டும் அளவுக்கு அளவாய்க் கூடுவது எது என்று கேட்பது நல்லது. நம் நாட்டில் பிரிட்டிஷ் வழக்கைத் தழுவி வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு அமைவது மரபு. பல அயல்நாட்டு வண்டிகளில் இடக்கைப் பிடியே முன்சக்கரத்தைப் பிடிக்கும். பிறர் வண்டியை வாங்கி ஓட்டுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வரலாற்றின் அண்மைய பகுதியையும் கூறிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவே தனி வட்டத் தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் சாலைப் பந்தயங்களிலும் புகுந்தது. உலக மிதிவண்டிச் சங்கம் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்து, 2018-இல் அதற்கு முழு அனுமதி அளித்தது. மழையில் அதன் பிடிப்பு உறுதியானது. ரிம் தேய்வதும் இல்லை. ஷிமானோ 2023-இல் வெளியிட்ட 105 வரிசையின் பன்னிரு பல்சக்கர வடிவில் காலிப்பர் பிரேக்குக்கு இடமில்லை. டிஸ்க் மட்டுமே உண்டு. எந்த வரிசை இரட்டை அச்சைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்ததோ, அதே வரிசை அதற்கு விடை கொடுத்தது. ஆனால் காலிப்பர் பிரேக் கொண்ட வண்டிகள் இன்னும் எண்ணற்றவை. எடை குறைவு, எளிமை, எந்தச் சிற்றூர்க் கடையிலும் ஒயரும் கட்டையும் மாற்றிக்கொள்ளும் வசதி ஆகியவை அவற்றைக் காத்துவருகின்றன. அவற்றை வைத்திருப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கட்டையோடு ரிம்மும் சிறிது தேய்கிறது. பல ரிம்களில் தேய்மானத்தைக் காட்ட ஒரு சிறு பள்ளமோ கோடோ இருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம்மை மாற்ற வேண்டும்.

என் மாணவனின் கேள்விக்கு இப்போது முழு விடை கூறலாம். ரிம் எஃகு, அது நனைந்திருந்தது. கட்டைகள் பல ஆண்டு வெயிலில் கிடந்து கல்லாய் இறுகியிருந்தன. காலிப்பரின் கைகள் மெல்லிய தகடுகள். இம்மூன்றும் சேர்ந்தே அவனைச் சுவரில் மோதச் செய்தன. அவன் பிடித்த பிடியில் குறையில்லை. காறை எலும்பு கூடி, பள்ளிக்கு அவன் திரும்பியபின் இதை அவனுக்கு விளக்கினேன். அதே வகுப்பில் மற்றவர்களையும் சைக்கிள் கொட்டகைக்கு அழைத்துச் சென்றேன். அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பார்த்தோம். கட்டை தேய்ந்து இரும்புக் கூடு ரிம்மைத் தொட்டுக்கொண்டிருந்தவை சில. ஒயரின் இழைகள் அறுந்து ஒன்றிரண்டில் தொங்கிக்கொண்டிருந்தவை சில. பிரேக்கே இல்லாதவையும் இருந்தன. அவ்வண்டிகளில் அன்று காலை பிள்ளைகள் இறக்கத்தில் இறங்கி வந்திருந்தார்கள். நாங்கள் ஆசிரியர்கள் எவரும் அதுவரை அக்கொட்டகைக்குள் நின்று பார்த்ததில்லை.

பின்னர்த் தலைமையாசிரியனான பிறகு, ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மழைக்காலத்துக்கு முன்னும் கொட்டகையைப் பார்வையிடுவதை ஒரு வழக்கமாக்கினேன். அதற்குப் பெருஞ்செலவு ஆகவில்லை. அருகிலிருந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருநாள் வந்து உதவுவார். புதிய கட்டைகளும் ஒயர்களுமே பெரும்பாலான வண்டிகளைச் சரியாக்கின.

இவ்வுரையைக் கேட்கும் நீங்கள் நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள்; பின்சக்கரம் சற்று எழ வேண்டும். கட்டையின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் சிறிதேனும் பதிய வேண்டும். ஒயரின் நுனியில் இழை பிரிந்திருக்கிறதா என்று நோக்குங்கள். குறை ஏதேனும் கண்டால் அன்று நடந்தே பள்ளிக்குச் செல்லுங்கள். மாலையில் கடைக்குச் சென்று மாற்றிக்கொள்ளுங்கள்.